சித்தியின் கண்ணும் கருவியின் எண்ணும்

கருவியின் முனையில் ஒரு கறுப்பு ரப்பர் கிண்ணம் இருந்தது. செம்பனைப் பழத்தின் மேல் அதை அழுத்தினால் வெளிவெளிச்சம் முழுவதும் அடைபட்டுவிடும். உள்ளே கருவி தன் ஒளியைப் பாய்ச்சும். பழத்தில் பச்சையம் மிச்சமிருந்தால், வாங்கிய ஒளியை மங்கிய சிவப்பாகத் திருப்பித் தரும். பழுக்கப் பழுக்கப் பச்சையம் குறையும். திரும்பி வரும் சிவப்பும் குறையும். நிறத்தை மட்டும் அளக்கும் இன்னொரு கருவியும் உண்டு; அதற்கும் இதேபோல் கிண்ணமும் சொந்த ஒளியும். இரண்டும் காட்டும் எண்களைக் குறிப்பேட்டில் பதிவது, இலக்கியம் படிக்கும் எனக்குப் பல்கலைக்கழக விடுமுறையில் கிடைத்த வேலை.

பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை, லூனாஸ் ஊருக்குச் சற்று அப்பால் இருந்தது. லோரிகள் கொட்டும் குலைகளைப் பார்த்து, பழுத்ததற்கு 'மாசாக்' என்றும் பழுக்காததற்கு 'மூடா' என்றும் தரம் சொல்பவர் என் அம்மாவின் தங்கை. காம்பிலிருந்து பழங்கள் உதிர்ந்திருந்தால் ஐயமில்லை. உதிராத குலைக்கு நிறமே தீர்ப்பு. பதினாறு ஆண்டுகளாக அவர் சொன்னதை எவரும் மறுத்ததில்லை. நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்புதான் மறுப்பு தொடங்கியிருந்தது.

"என்னாக்கா, நல்ல மாசாக் பழத்தப் போயி மூடாங்குறீங்க? கண்ணாடி போடுங்கலா!" என்பார் லோரி ஓட்டுகிற அண்ணன்.

"மொதல்ல ஒன் லோரி கண்ணாடியத் தொடச்சிட்டு வா. அப்புறம் என் கண்ணப் பத்திப் பேசலாம்."

சிரிப்பு அடங்கியதும் சித்தி அதே குலையைக் கம்பியால் புரட்டி, குனிந்து, மறுபடி பார்ப்பார். அவருக்குச் சர்க்கரை நோய். பெரிய மாமாவின் பார்வையைப் பறித்ததும் அதுதான். கண் பரிசோதனைக்குப் போகும்படி அம்மா சொல்லும்போதெல்லாம், "போனா என்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்று எழுந்துவிடுவார்.

எனக்கு வேலை தந்த ஆய்வு அதிகாரி கேட்டது எளிய ஒப்பீடு: சித்தியின் தீர்ப்பு ஒரு பத்தியில், கருவிகளின் எண்கள் அடுத்த பத்திகளில். அறிக்கை வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போகும். மூன்றாம் நாள் பத்திகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். சித்தி மூடா என்ற பல குலைகளை இரண்டு கருவிகளும் பழுத்தவை என்றன. அவர் அஞ்சியதற்கான சான்றை என் கையெழுத்தே வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. சில வரிகளைத் திருத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அழிரப்பரை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். வியாழன் மதியம் சித்தி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடி, "நாளைக்குத்தானே?" என்றார். "ஆமாம் சித்தி" என்றேன். அவர் பாதிச் சோற்றை அப்படியே மூடினார்.

யாரும் கேட்காத ஒரு பத்தியையும் நான் எழுதி வைத்திருந்தேன்: குலையைப் பார்த்த இடம் திறந்தவெளியா, கூரையின் கீழா என்று. தரம் பார்ப்பது வழக்கமாகக் கூரையின் கீழ். சரக்கு நிரம்பிய நாள்களில் மட்டும் சில லோரிகள் வெளியே கொட்டும். அன்று அந்தப் பத்தியின் மேல் விரலை ஓட்டினேன். பொருந்தாத வரிகள் ஏறக்குறைய எல்லாமே கூரையின் கீழ். திறந்தவெளியில் சித்தியும் கருவிகளும் ஒரே குரலில் பேசினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். புயலில் பறந்துபோன பழைய தகரத்துக்குப் பதிலாக, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தகடுகளை இரண்டு மாதம் முன்புதான் போட்டிருந்தார்கள். பச்சை நிறத் தகடுகள். அவற்றின் வழியே இறங்கிய வெயிலும் பச்சை. அதில் சிவப்பு கறுத்துத் தெரியும். உள்ளேயே நின்று பழகிய கண்ணுக்கு அந்தப் பச்சை உறைப்பதில்லை. கிண்ணத்துக்குள் தம் ஒளியையே நம்பிய கருவிகளுக்கோ கூரை ஒரு பொருட்டே அல்ல.

அவர் சற்றுமுன் மூடா என்று ஒதுக்கிய குலையைக் காட்டி, "இதை வெளியே கொண்டுபோவோம், சித்தி" என்றேன். ஏன் என்று கேட்காமல் கம்பியில் குத்தி வெயிலுக்கு இழுத்து வந்தார். குலை செம்மஞ்சளாகப் பற்றியெரிந்தது.

"ஐயோ... மாசாக்லா இது!" என்றார். மீண்டும் உள்ளே இழுத்தார்; கறுத்தது. வெளியே இழுத்தார், சிவந்தது. நான்கு முறை. பிறகு கம்பியைக் கீழே போட்டுவிட்டு, லோரியின் படியில் உட்கார்ந்து, தலைத்துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார். "பாவிங்க, கூரைக்குப் பச்சையா போடுவானுங்க?" என்றபோது குரலில் சிரிப்பு இருந்தது.

நான் ஓர் எண்ணையும் மாற்றவில்லை; அந்தக் கூடுதல் பத்தியுடனேயே அறிக்கை போனது. மேலாளர் நேரில் வந்து பார்த்தார். அடுத்த வாரம் வெள்ளைத் தகடுகள் ஏறின.

அச்சம் இருந்தவரை மருத்துவமனை வாசலை மிதிக்காதவர், அது நீங்கிய பிறகு தானாகவே கூலிம் மருத்துவமனைக்குக் கிளம்பினார். துணைக்கு நான் போனேன். மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்த்த மருத்துவர், பாதிப்பு ஏதுமில்லை என்றும் ஆண்டுதோறும் வரவேண்டும் என்றும் சொன்னார். அதற்கு முன் தாதி எழுத்து அட்டையைக் காட்டி வாசிக்கச் சொல்லியிருந்தார். சித்தி ஒற்றைக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மேல்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை தடுமாறாமல் இறங்கினார். போதும் என்று தாதி சொல்லியும் நிறுத்தவில்லை. அட்டையின் ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும், தெருப் பெயர்வரை, உரக்க வாசித்து முடித்த பின்புதான் கையை எடுத்தார்.