ஈசிலிக்கு ஏழு தேங்காய்

தேங்காய் உரித்துப் பிழைக்கிற என் சட்டையில் நனைந்த மட்டை வாசம் ஏறிவிட்டால், இன்றும் வடகரையில் அந்தப் பழைய தேங்காய்க் கிடங்குக்குள் போய்விடுகிறேன். இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அந்த இடத்தில்தான், சாரல் தகரத்தில் சடசடக்க, பி.ஏ. முடித்து வேலையில்லாதிருந்த காதர் காக்கா, பத்தாவதில் கோட்டைவிட்ட எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்தார். 'ஹூ கேன் ஈசிலி' என்று 'கேன்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் 'ஈசிலி' வரவேண்டும், தவறினால் தரையில் நட்ட கூர்ப் பாரையில் குத்தி ஏழு தேங்காய் உரிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். என் ஈசிலி ஒருநாளும் சொன்ன இடத்தில் உட்காராததால், மற்றவர்கள் படிக்க நான் உரித்துக்கொண்டே இருந்தேன். மறுதேர்வில் தேறினால் சவுதியில் மாமா கடையில் வேலை என்று உம்மா தினமும் அல்லாவிடம் துஆ கேட்டாள். தேர்வுக்கு முந்தின நாளும் என் முன்னால் குவியல்தான்.

"ஏலே, பரீட்சையில தேங்கா உரிக்கச் சொன்னா நீதாம்லே பர்ஸ்ட்டு!" என்றார் காக்கா.

"பாரைய ஹாலுக்குள்ள விடுவாங்களா காக்கா?" என்றேன்.

கிடங்கே சிரித்தது. என்னைக் கூப்பிடக் குடையோடு வந்து வாசலில் நின்ற உம்மா மட்டும் சிரிக்காமல், நான் உரித்துப் போட்டிருந்த தேங்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.