நாலு வேலைக்கும் ‘சரி’ என்று எழுதியவன்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாரியம்மன் எனக்குச் செய்ததை மறைத்தால் அது இன்னும் பெரிய பாவம்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். விருதுநகரில் ஒரு கம்பெனிக்கு நான் பொது மேலாளர். அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலை, சிவகாசியில் லேபிள் அச்சகம், ஆமத்தூரில் புதுக் குடோன், மதுரையில் புதுக் கிளை. நாலும் என் பொறுப்பு. ஆபீஸ் பலகையில் நாலு வேலைக்கும் தினமும் ‘சரி’ என்று எழுதுவேன். நேரில் போய்ப் பார்த்து எழுதியது குறைவு. ஒவ்வொரு இடத்திலும் ‘உங்க வேலைதான் முதல்ல’ என்பேன். ஒரே ஆட்களை அங்கேயும் இங்கேயும் பந்தாடினேன்.

தீபாவளி சீசன். குடோனைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆலையின் போர்மேனை மத்தியானமே ஆமத்தூருக்குக் கூப்பிட்டேன். கலந்த பட்டாசு மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் போர்மேன் பக்கத்தில் நின்று அழிக்க வேண்டும். அவர் அதைச் சொல்லத்தான் செய்தார். “காலைல பாத்துக்கலாம், கிளம்புங்க” என்றேன். அன்றிரவு மழை. ஈரம் ஏறினால் கலந்த மருந்து தானாகச் சூடாகும். மறுநாள் காலை ஆலைக்குப் போன் போட்டு, மிச்ச மருந்தை முடிக்காமல் யாரும் அறையை விட்டு எழக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். அந்த அறையில் நாலு பெண்கள்.

முதலாளி முன்னால் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அறை வெடித்துவிட்டது. அதற்குள் லைன் அறுந்துபோனது.

காரில் ஏறியதும் நான் முதலில் என்ன வேண்டினேன் தெரியுமா? ‘ஆத்தா, என் வேலை போயிரக்கூடாது.’ சாத்தூர் வரும்வரை அதையேதான் வேண்டினேன். அப்புறம்தான் அந்த நாலு பேரின் நினைப்பு வந்தது. அவர்களில் காளியம்மாள் பெயர் மட்டுமே எனக்குத் தெரியும். அதுவும் போன வாரம், மருந்து வாடை சரியில்லை என்று பாதி வேலையில் எழுந்து போனதற்காக நான் திட்டியதால். அழுகை வந்துவிட்டது. ‘என்னை என்ன வேணும்னாலும் செய், அவுகளை விட்டுரு’ என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை. தள்ளி, வேப்பமரத்தடியில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் காளியம்மாள் எழுந்து நின்றாள். “மருந்து சூடு கண்டுச்சு சார். எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வந்துட்டேன். வைவீகன்னு தெரியும். மன்னிச்சிருங்க.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என் பேச்சைக் கேட்டிருந்தால் நாலு பேரும் போயிருப்பார்கள். கூசிப்போய் நின்றேன். நான் வேண்டுவதற்கு முன்பே அம்மன் அவளை எழுப்பிவிட்டிருந்தாள்.

முதலாளியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டு வேலையை நிறுத்திவைக்கச் சம்மதித்தார். போய்ப் பார்க்காத வேலைக்கு இப்போது நான் எதுவும் எழுதுவதில்லை. விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் முதல்முறையாக அக்கினிச்சட்டி எடுத்தேன். எனக்கு முன்னால் காளியம்மாள் சட்டியோடு நடந்தாள்.

அம்மனை நம்பிக் கேளுங்கள். என்னைப் போல் முதலில் சுயநலமாகக் கேட்டவனையும் அவள் தள்ளவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாதி வேலையில் ஒருத்தி எழுந்து போனால், திட்டுவதற்கு முன்னால், அவளை எழுப்பியது யாரென்று யோசியுங்கள்.