பலவீனமானது

ரமலான் நெருங்கிவிட்டது. கைபேசியைப் பார்த்தபடி மகன் சொன்னான்: "முப்பது நோன்ப மூணு பத்தாப் பிரிச்சுச் சொல்லுத நபியோட பிரசங்கம் இருக்குல்ல, அந்த ஹதீஸ் பலவீனமானதாம் உம்மா."



நான் சிறுபிள்ளையாக இருந்த தொண்ணூறுகளில், எங்கள் மேலப்பாளையம் வீட்டில், இதே நபிமொழிக்காக வாப்பாவும் அவர் தம்பி சாச்சாவும் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டார்கள். வருஷாவருஷம் பள்ளிவாசலில் கேட்டதை எப்படி விடுவது என்பார் வாப்பா. "நபி சொன்னதா அறிவிச்ச ஆளு சரியில்ல காக்கா. பலவீனமானத விட்டுரணும்" என்று அண்ணனிடம் சொல்வார் சாச்சா. ஒருநாள் வாப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சரிலே, விட்டுருவோம்" என்றார்.

அன்று காலையில்தான், மஞ்சள் காமாலையில் கிடந்த உம்மாவைப் பார்த்துவிட்டு டாக்டர், "ரொம்பப் பலவீனம்" என்று சொல்லிப் போயிருந்தார். ஓடிப்போய் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"உன்னைய விட்டுருவாகளாம் உம்மா!"

"என்னைய இல்ல புள்ள, ஹதீஸ" என்றாள். நான் நம்பவில்லை. அவள் எழுந்து நடமாடும்வரை முந்தானையை விடவில்லை.

"அப்ப விட்டுரலாம்ல?" என்றான் மகன், கைபேசியிலிருந்து தலை தூக்கி.

"பைய பேசுலே" என்று அதட்டிவிட்டு, முதுமையில் உம்மா படுத்திருக்கும் அறைக் கதவைச் சாத்த எழுந்தேன்.

உள்ளேயிருந்து நைந்த குரல் வந்தது: "என்னைய இல்ல புள்ள, ஹதீஸ."