அருட்பிரகாசம் அண்ணையின் தூண்டில் பெட்டி

அருட்பிரகாசம் அண்ணை பெட்டியை என் வீட்டு நடையில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்து, உடம்பை ஒருமுறை தூக்கிப் போடுகிறார். ஒரு முனகல் கேட்கிறது. முனகியது பெட்டியா அவரா என்று சொல்ல முடியவில்லை.

“பாத்தியே தம்பி? இப்பவே அழுகுது. பிளேனில ஏத்திறவங்கள் தடவிக் குடுத்தோ ஏத்தப் போறாங்கள்? எறிவாங்கள். இது சரிவராது.”

உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் தூண்டிலுக்கான பெட்டி அது. நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கில் உறைவது கார்க் கண்ணாடியும் என் விரல்களும்தான். ஆனாலும் இந்த மாதம் வந்த பெட்டிகளைக் கொண்டு ஒரு கடையே திறக்கலாம். அண்ணை பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறார். அவர் மனைவி பிலோமினம்மா அக்காவும் வேலைக்குப் போய்விடுகிறார். வீட்டிலிருந்து வேலை செய்யும் பாவத்துக்குப் பார்சல்களை வாங்கி வைப்பது அடுத்த வீட்டுக்காரனான நான்.

முதலில் வந்தது துணிப் பை. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, “இது தலையணை உறை” என்று திருப்பி அனுப்பினார். அடுத்தது நீளக் குழாய். “எயார்போர்ட்டில துவக்கெண்டு நினைச்சு என்னை நிப்பாட்டி வைக்கிறதுக்கு இது காணும்.” மூன்றாவது கெட்டியான பெட்டி, உள்ளே தடித்த பஞ்சு, இரண்டு தூண்டில் வைக்க இரண்டு பள்ளம். அவர் உட்கார்ந்தும் அசையவில்லை. அதையும் அனுப்பிவிட்டார். “ரெண்டு பள்ளம் எனக்கு என்னத்துக்கு?”

அந்த இரண்டாவது பள்ளத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அண்ணையின் ஒரே மகள் அஜித்தா நோர்வேயில் தாதியாக இருக்கிறாள். மாதா கோயில் பங்குச் சனம் வழியாக அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் அண்ணை பெட்டி பார்ப்பது போலத்தான் பார்த்தார். நல்லவேளை, யார் மேலும் உட்காரவில்லை. ஒருவருக்கு நெற்றி ஏறிவிட்டது, இன்னொருவர் பூசைக்குப் பிந்தி வந்தார். அஜித்தா பொறுத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே லார்ஸ் என்பவரைக் கட்டிக்கொண்டாள். தமிழனுமில்லை, கத்தோலிக்கனுமில்லை. அண்ணை கல்யாணத்துக்குப் போகவில்லை. மருமகனோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயரும் சொல்வதில்லை, ‘அந்தப் பெடியன்’தான்.

இந்த மாசியில் ஏரிக்கு மீன் பிடிக்க வரச்சொல்லி அந்தப் பெடியனே அஜித்தா மூலம் மாமனாரை அழைத்திருக்கிறான். பிலோமினம்மா அக்கா உடனே இரண்டு தூண்டில் வாங்கிவிட்டார், ஒன்று மாமனாருக்கு, ஒன்று மருமகனுக்கு. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம்தான், நுனி ஈர்க்குப் போல மெல்லிசு. நோர்வேக்காரனுக்கு இங்கிருந்து தூண்டிலா, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக அல்லவா இருக்கிறது என்றேன்.

“ஊசியோ உலக்கையோ, முதல்முதல் மருமகன் வீட்ட வெறுங்கையோட போறதோ? இவர் தன்ர கையால குடுக்கோணும்” என்றார் அக்கா.

அண்ணை அசையவில்லை. “நான் பிள்ளையைப் பாக்கப் போறன். அவ்வளவுதான். அவன்ர ஊரில தூண்டிலுக்குப் பஞ்சமோ?” கடைசியில் ஒற்றைப் பள்ளப் பெட்டி ஒன்று வந்தது. அதன்மேல் ஏறி நின்றே பார்த்தார். தாங்கியது. உலகத்தில் தனக்கு மட்டும் இடமுள்ள ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தி அவர் முகத்தில். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாவது தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அதன் நுனியைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

மறுநாள் பயணம். சூட்கேஸை நிறுத்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒற்றைப் பெட்டிக்குள் அண்ணையின் தூண்டில் ஏற்கெனவே படுத்திருந்தது. மற்றது மேசையில் கிடந்தது. அப்போது அஜித்தா போனில் வந்தாள்.

“அப்பா, சப்பாத்து நல்லதாக் கொண்டு வாங்கோ. பயப்பிடாதேங்கோ. நீங்கள் நிக்கப்போற இடத்தில ஐஸ் தாங்குமோ எண்டு லார்ஸ் வேலைக்குப் போக முதல் ஒவ்வொரு நாளும் ஏறி நிண்டு பாக்கிறார். துள்ளியும் பாக்கிறார்.”

அண்ணை போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

“எத்தினை கிலோ?” என்று கேட்டார்.

“ஆர், லார்ஸோ? உங்களை விடக் கூட.”

“அப்ப தாங்கும்” என்று போனை அக்காவிடம் கொடுத்தார்.

சூட்கேஸ் அளவோடுதான் இருந்தது. நான் கிளம்ப எழுந்தேன். அண்ணை பெட்டியைத் திறந்தார். தன் தூண்டிலை வெளியே எடுத்தார். மேசையில் கிடந்ததை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்து, நுனியைச் சுற்றிப் பஞ்சை விரலால் அணைத்து, பெட்டியைப் பூட்டினார். பிறகு தன்னுடையதை தான் உடுக்கிற பழைய சாரம் ஒன்றில் சுருட்டி, சூட்கேஸில் சப்பாத்துகளுக்கு அடியில் செருகினார்.