கோட்டை எழுத்தில் ஒரு கல்யாணக் கார்டு

சித்தூரில் கல்யாணக் கார்டு, ஃபிளெக்ஸ், பைக் ஸ்டிக்கர் எதுவானாலும் ஷோபாவின் கடைக்குப் போகலாம். எழுத்து விஷயத்தில் மட்டும் அவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அரை மணி நேரம் போச்சு.

அவளே வரைந்த எழுத்துரு ஒன்று உண்டு. பழைய ஐரோப்பியப் பைபிள்களின் பக்கத் தலையில் கன்னங்கரேலென்று நிற்குமே, வளைவெல்லாம் முறிந்து மூலை மூலையாக, பிளாக்லெட்டர் என்பார்கள். அந்தச் சாயலில் தமிழுக்கும் தெலுங்குக்கும் இரண்டு வருடம் உட்கார்ந்து வரைந்து, 'கோட்டை' என்று பெயரும் வைத்தாள். உருண்டை உருண்டையான தெலுங்கை மூலையாக்கியதற்கே அவளுக்கு ஒரு மாலை போடலாம். திருப்பதியில் ஒரு ஜிம் போர்டு, ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பிரியாணிக் கடை, கபடிக்காரர்களின் பனியன் என்று கோட்டை ஊர் சுற்றியது. பஸ்ஸில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு சொல்லு, மூணு சொல்லு, பெருசா. அதுக்கு மேல கோட்டையத் தொடக் கூடாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாள்.

அந்தப் பாடத்தை அவளே மறந்தது டெபோராவின் கல்யாணத்தில்.

டெபோராவின் அம்மா ஞானசௌந்தரி கார்டு அடிக்க வந்தார். மணமக்கள் பெயரைக் கோட்டையில் போட்டதும் அத்தனை கம்பீரமாக வந்தது. ஷோபாவுக்குக் கை நிற்கவில்லை. தேதி, நேரம், சர்ச், விருந்து ஹால், பெரியவர்கள் பெயர் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் அதிலேயே போட்டுத் தள்ளினாள். சரிபார்க்கக் கொடுத்தபோது ஞானசௌந்தரி தடங்கலில்லாமல் படித்தார். படிக்காமல் என்ன? சொந்தப் பெண்ணின் கல்யாணத் தேதி தாய்க்குத் தெரியாதா? அது ஷோபாவுக்கு உறைக்கவில்லை.

கார்டுகளை வாங்கும்போது ஞானசௌந்தரி ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"இது குப்பம் டவுன்ல இருக்கற என் தம்பி சைமனுக்கு. கூரியர்ல தான் அனுப்பணும். அம்மா செத்தப்ப அவன் வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டோம். கடைசியா மொகம் பாக்க உடலன்னு கோச்சிக்கினு போனவன் தான், ஆறு வருஷமா பேச்சில்ல. நேர்ல போயி நிக்க எனக்கு மூஞ்சி இல்லம்மா. தாய்மாமன் இல்லாம ஒரு கல்யாணமா? இந்தக் கார்டைப் பாத்தாவது வரட்டும்."

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஸ்டிக்கர் வாங்க வந்த சின்னசாமி என்பவர் மேசையில் மிச்சம் கிடந்த டெபோரா கல்யாணக் கார்டு ஒன்றைப் புரட்டினார்.

"இன்னாம்மா இது, நேரம் எங்க கீது?"

"அதோ, கீழ பத்தரைன்னு போட்டுக்கீதே."

"இதுவா? நான் பூ டிசைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஷோபா கார்டை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். பக்கத்து மருந்துக் கடையில் காட்டினாள், டீக்கடையில் காட்டினாள். ஒருவருக்கும் தேதியும் பிடிபடவில்லை, இடமும் பிடிபடவில்லை. ஒருவர் மட்டும் சர்ச் பெயரை ஊகித்தார், அதுவும் தப்பு. கடையைப் பூட்டிவிட்டு ஞானசௌந்தரி வீட்டுக்கு ஓடினாள்.

"ஆன்ட்டி, பெரிய தப்புப் பண்ணிட்டேன். உங்க கார்டை யாராலயும் படிக்க முடியல. வேற அடிச்சித் தந்துடறேன்."

ஞானசௌந்தரி சிரித்தே விட்டார். "கார்டை எவ படிக்கிறா? வீடு வீடாப் போயி, வியாழக்கிழமை பத்தரைக்குன்னு வாயால சொல்லித் தான் கையில குடுத்தோம். வாங்கி ஃபிரிட்ஜ் மேல வெச்சிட்டாங்க."

அப்பாடா என்றிருந்தது ஷோபாவுக்கு. அந்த அப்பாடா முடியுமுன் ஞானசௌந்தரியின் சிரிப்பு நின்றுவிட்டது. வாயால் சொல்லாமல் போன கார்டு ஒன்றே ஒன்று தான்.

"போன் பண்ணிச் சொல்லிடுங்க ஆன்ட்டி."

"அவன் கட் பண்ணிட்டா என்னால தாங்க முடியாதும்மா."

"நான் பேசட்டுமா?"

"வேணாம். மூணாம் மனுஷி கூப்ட்டா இன்னும் கோவம் வரும் அவனுக்கு."

அதன் பிறகு ஷோபாவுக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டையாம் கோட்டை, ஒரு அக்காவும் தம்பியும் சேருவதைக் கெடுத்த கோட்டை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே சர்ச் வாசலில் போய் நின்றாள். பத்து மணிக்கு ஒரு கார் வந்தது. கையில் சீர்த் தட்டோடு நெட்டையாக ஒருவர் இறங்கினார். உள்ளேயிருந்து ஓடிவந்த ஞானசௌந்தரி தம்பியின் கையைப் பிடித்து, நேராக ஷோபாவிடம் இழுத்து வந்தார். ஷோபாவின் நெஞ்சில் ஆறு நாளாகக் கிடந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

"சைமா, இவ தான் அந்த எழுத்துக்காரி."

சைமன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். "நீதானாம்மா அது? ரெண்டு நாள் மொறச்சி மொறச்சிப் பாத்தேன். டெபோரான்னு பேரு மட்டும் நல்லா தெரிஞ்சிது. மீதியும் புரிஞ்சிருந்தா படிச்சிட்டு மூலையில போட்டிருப்பேன். புரியாமப் போச்சா, மனசு கேக்கல. அம்மா மொகத்தத் தான் பாக்கல, இந்தப் புள்ள கல்யாணத்தையும் தவற உட்டுட்டா? நேத்து அக்காவுக்கே போனப் போட்டேன். என்னிக்கு, எத்தினி மணிக்குன்னு மட்டும் தான் கேட்டேன்."

"அப்புறம்?"

"அக்கா எங்க மணியச் சொல்லிச்சி?" சைமன் கார்டைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். "சோறு துன்னியாடான்னு கேட்டுச்சி."