வெள்ளித் தகடு போட்ட கெண்டைகள்

என் அக்காள் தீர்த்தம்மாளின் புருஷன் நஞ்சப்பன் மீன்களைப் பற்றிப் படித்தவர். மீனில் படிக்க என்ன இருக்கிறது, குழம்பு வைத்துத் தின்ன வேண்டியதுதானே என்று காரிமங்கலம் சந்தையில் சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வார்கள். மாமா மெட்ராஸில் பட்டம் வாங்கி, மீன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தவர். மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், 1935இல், ஏரியூருக்கு மேற்கே காவிரிக் கரையில் ஓர் ஓட்டுக் கட்டடத்தைக் கொடுத்து அவரை உட்கார வைத்தார்கள்.

அவர் கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். அணைத் தண்ணீரில் வளரும் கெண்டை, புதுவெள்ளம் வரும்போது முட்டையிட ஒகேனக்கல் பக்கம் மேலேறிப் போகிறதா, இல்லை அணைக்குள்ளேயே கிடக்கிறதா? அவருடைய மேலதிகாரி வடக்கே பனி உறையும் கடல்களில் மீன் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். அங்கே மீனைப் பிடித்து, செவுள் மூடியில் எண் பொறித்த சின்னத் தகடு ஒன்றை மாட்டித் திரும்பவும் தண்ணீரில் விடுவார்களாம். பிறகு அது யார் வலையில் விழுந்தாலும், தகட்டைக் கொடுத்துப் பரிசு வாங்கிப் போவார்களாம். எங்கே விட்டோம், எங்கே அகப்பட்டது என்று பார்த்தால் மீன் போன வழி தெரிந்துவிடும். இங்கேயும் அப்படியே செய் என்று உத்தரவு வந்தது. துருப்பிடிக்கக் கூடாது என்று தகடுகளை வெள்ளியில் செய்து அனுப்பினார்கள்.

தகடுகள் வந்து சேர்ந்தது 1938 ஆடி மாதம். அதே வாரத்தில் அவருடைய ஒரே மகள் ரங்கம்மாள், ஐந்து வயதுக் குழந்தை, மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள். ஆற்றங்கரை மேட்டில் புதைத்தோம். அக்காள் மண்ணில் புரண்டு அழுதாள். இவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு பரிசலில் ஏறிப் போய், மீன் பிடித்துத் தகடு மாட்ட ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தகட்டுப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் வீசியிருப்பேன்.

“புள்ளைக்காக ஒரு சொட்டு அழுதா என்னங்க மாமா?” என்று கேட்டேவிட்டேன்.

“வரல கிருஷ்ணப்பா” என்றார். “ஒடம்பெல்லாம் மரத்துப் போனாப்ல இருக்குது. வேலை செஞ்சா மட்டுந்தான் கை அசையுது.”

எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒவ்வொரு வெள்ளக் காலத்திலும் இருநூறு மீனுக்குத் தகடு மாட்டுவார். தகடு கொண்டுவருபவருக்குப் பரிசு என்று கரையோர ஊர்களில் தண்டோராவும் போட்டாகிவிட்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. வலைக்காரர்களைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, “இல்லீங்க சாமி” என்பார்கள். மாமா நோட்டில் ‘திரும்பியவை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதுவார். போட்டதைச் சாப்பிடுவார். ஒருநாள் அக்காள் குழம்பில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அதையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

1946இல் அந்த நிலையத்தை மூடச் சொல்லிக் கடிதம் வந்தது. கடைசி அறிக்கையை அனுப்ப வேண்டும். ஒரே ஒரு தகடு கிடைத்திருந்தாலும் எட்டு வருஷ உழைப்புக்கு அர்த்தம் இருந்திருக்கும். சாமான் கட்ட உதவலாம் என்று நான் பஸ் ஏறிப் போனேன். பெட்டி தூக்கப் பரிசல்காரன் அர்ச்சுனன் வந்திருந்தான். மாமா அறிக்கையை எழுதிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“எல்லாம் செத்துப் போச்சு கிருஷ்ணப்பா. ஆயிரத்தி அறநூறு மீனு. ஒண்ணுகூடப் பொழைக்கல.”

அர்ச்சுனன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“அப்பிடிச் சொல்லாதீங்க சாமி. உசுரோடதான் இருக்குதுங்க. போன ஆடியில என் வலையிலயே ரெண்டு வுழுந்துச்சு. வுட்டுட்டேன்.”

“எதுக்கய்யா வுட்ட?” என்று கத்தியது நான்தான்.

“புள்ளையப் பறிகுடுத்தவங்க மீனுக்கு வெள்ளி போட்டு ஆத்துல வுடறது எங்க ஊரு வழக்கமுங்க. அது வலையில வுழுந்தா, வலைய அறுத்தாச்சும் வுட்டுருவோம். பெத்தவங்ககிட்டச் சொல்ல மாட்டோம். சொன்னா ஆறுன புண்ணக் கிளறுனாப்ல ஆயிருமுங்க. பாப்பா போன மூணாம் நாளே சாமி ஆரம்பிச்சதை ஊரே பாத்துதுங்க.”

“பரிசுன்னு தண்டோரா போட்டாங்களே!” என்றேன்.

“போட்டாங்க. செத்த புள்ள பேருல வுட்ட மீனுக்குக் காசு வாங்குவாங்களா? சாமி கேட்டப்பல்லாம் மனசக் கல்லாக்கிக்கிட்டுத்தான் இல்லேன்னோம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷன் அழவில்லை என்று எட்டு வருஷமாக நான் கறுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கரையில் இருந்தவர்கள் அவருக்காக ஒவ்வொரு மீனாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மாமா நோட்டை எடுத்தார். பழக்கதோஷம்.

“எங்க வுழுந்துச்சு?”

“ஒகேனக்கல் அருவிக்குக் கீழ, மடுவுலங்க. புதுத்தண்ணி வந்தா வருசா வருசம் அங்கதான் ஏறிப் போவுதுங்க.”

இத்தனை வருஷமாகத் தேடிய பதில் அதுதான். மாமா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எழுதிக்கொண்டார்.

“தகட்டுல என்ன நம்பர் போட்டிருந்துச்சு?”

“நமக்கு எழுத்து எங்கீங்க தெரியும்? அதுல இருக்கறது பாப்பா பேருதானுங்களே?”

பேனா நின்றது. மாமா அர்ச்சுனனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றார். “அவ பேருதான்.”

அப்புறம் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு அக்காள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அறிக்கையில் ‘பிழைக்கவில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘மேலேறிப் போய் உயிரோடு இருக்கின்றன’ என்று எழுதி அனுப்பினார். ஒரு தகட்டின் எண்ணாவது வேண்டும் என்று மேலதிகாரி மூன்று தடவை கடிதம் போட்டார். மாமா எதற்கும் பதில் எழுதவில்லை.