ஓலைக் குடிசைக்கு ஒரு ஜன்னல்

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆவணி மாதக் காலையில் திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் என் அக்காவிடமிருந்து போன் வந்தது. "பாப்பா பெரியவளாயிட்டாடா. ஓலையோட வந்துடு" என்றாள். நான் கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை வைத்திருப்பவன். கடையைப் பூட்டிவிட்டு, பச்சைத் தென்னை ஓலையும் மூங்கிலும் ஏற்றிக்கொண்டு குட்டி யானை வண்டியில் கிளம்பினேன்.

எங்கள் வழக்கத்தில் வயதுக்கு வந்த பெண் தங்கக் குடிசை கட்டுவது தாய்மாமன் உரிமை. அதை எங்கே, எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வது மற்ற எல்லோருடைய உரிமை. மொட்டை மாடியில் கட்டச் சொன்னார்கள். வாசல் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், ஓலையில் இடுக்கே தெரியக் கூடாது என்று அக்கா வீட்டுக்காரரின் தமக்கை, பாப்பாவுக்கு அத்தை, பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நெருக்கமாகப் பின்னிக் கட்டி முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் தண்ணீர் ஊற்றி மருமகளை அழைத்து வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. கையில் ஒரு நாவல், பாதி படித்தது. குழந்தையாக இருந்ததிலிருந்து நான் வரும்போதெல்லாம் கதைப் புத்தகம் வாங்கி வருவேன். அதுவும் நான் கொடுத்ததுதான். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள இருட்டா இருக்கு மாமா. எப்படிப் படிக்கிறது? ஒரு ஜன்னல் வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஜன்னல் இல்லன்னா நான் உள்ள போமாட்டேன்."

அத்தைக்காரிக்கு வந்ததே கோபம். "ஏம்ப்பா, குடிசையில போய் யாராவது ஓட்டை வைப்பாங்களா? நாலு பேரு வந்தா என்ன சொல்லுவாங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். சீர்த் தட்டோடு உறவுக்காரர்கள் வரும் நேரம். பிள்ளை ஈரத் தலையோடு வெயிலில் நின்றாள், கண் கலங்கியிருந்தது. என் கையில் அரிவாள் இருந்தும் எனக்குத் தைரியம் வரவில்லை. உரிமை என்று மார்தட்டியதெல்லாம் ஓலை பின்னுகிற வரைக்கும்தான் போலிருக்கிறது.

அப்போதுதான் அக்கா மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"வைடா. நான் உக்காந்தப்பவும் இருட்டாத்தான் இருந்துச்சு. எனக்குக் கேக்கத் தெரியல."

நான் ஓலையை அறுத்து, மூங்கில் சிம்பால் சட்டம் கட்டி, மலை தெரிகிற பக்கமாக ஒரு ஜன்னல் வைத்தேன். மருமகள் உள்ளே போய் அதன் கீழே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அந்த ஜன்னல் வழியாகவே லட்டு கொடுத்தார்கள். அத்தைக்காரியும்தான்.

சாயங்காலம் விடைபெறப் போனேன். நாவலை முடித்திருந்தாள்.

"இதுல பையன் வளர்ந்ததும் ஊரை விட்டுப் போறான் மாமா. அவன் தங்கச்சி வளர்ந்ததும் அவளை ரூம்ல வச்சுடறாங்க. அப்புறம் கதையிலயே அவ வரல. நீங்க குடுத்த கதையில ஜாஸ்தி இப்படித்தான் இருக்கு."

"வேற கதை கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னேன். சொன்னதைக் காப்பாற்றப் பழைய புத்தகக் கடை, நூலகம் என்று அலைந்தேன். வாங்குமுன் நானே படித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதுவரை அட்டைப் படம் பார்த்துப் புத்தகம் வாங்கிய ஆள் நான். பெண் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிற கதைகளை அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன், விடவும் முடியவில்லை.

இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நல்ல நாவல் கிடைத்தால் எனக்குப் போன் செய்வாள். கதையைச் சொல்ல மாட்டாள். "இதுல ஜன்னல் இருக்கு மாமா, படிங்க" என்பாள். அக்காவும் இப்போது வாங்கிப் படிக்கிறாள்.

தாய்மாமன் முறைக்குப் புடவை, வளையல், பழத் தட்டு என்று நான் எத்தனையோ கொண்டுபோய் வைத்தேன். ஆனாலும் நான் செய்த சீர் எது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அத்தைக்காரி திட்டிய அந்த ஓட்டைதான்.